வலிப்பின் வகைகளும் தூண்டுவனவும்

பௌர்ணமி இரவொன்றில் கிரிவலப் பாதையில் இளைஞர் ஒருவர் வலிப்புற்று வீழ்ந்தார். கூடியோர் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தனர். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கும். புகழ் மட்டும் இரும்புக்குப் போய்விடுகிறது. வேண்டுவது ஒருக்களித்துப் படுக்கவைத்தலும் நேரத்தைக் குறித்தலுமே. வாயில் எதையும் இடலாகாது. ஐந்து நிமிடம் கடப்பின் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

மூளை நரம்பணுக்களின் மின்துடிப்பு திடீரென மிகைப்படுவதே வலிப்பு. மூளையின் ஒரு பகுதியில் தோன்றுவது குவிய வலிப்பு. ஒரு கை மட்டும் துடிக்கலாம், நினைவு மங்கி வாய் மட்டும் மெல்லலாம். மூளையின் இரு பாதியிலும் ஒருங்கே தோன்றுவது பொது வலிப்பு. உடல் விறைத்து வெட்டியிழுப்பது மட்டுமன்று, வகுப்பில் சில நொடிகள் வெறித்து நோக்குவதும் இவ்வகையாகலாம். கவனக்குறைவென்று நாம் கடிந்துகொண்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

உறக்கமின்மை, காய்ச்சல், மது ஆகியன வலிப்பைத் தூண்டும். கிரிவல விழிப்பாயினும் தேர்வுக்கால விழிப்பாயினும் மூளைக்கு ஒன்றே. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது வெந்நீர் வலிப்பு. சுடுநீரைத் தலையில் விரைந்து ஊற்றுகையில் இது நேர்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1988இல் இத்தகைய 279 பேரைப் பற்றி எழுதினர். நீரின் சூட்டைக் குறைத்தலே பலருக்குப் போதும். சிலருக்கு மருந்தும் வேண்டும்.

எனினும் நாம் அடிக்கடி காண்பது மருந்து தவறுதலே. நோன்பு நோற்க விரும்புவோர் மருந்து வேளையை முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. நோயுற்றோர்க்கு மார்க்கம் சலுகையும் அளித்துள்ளது. நம் உறவுப் பெண்ணொருத்தி, நிச்சயம் முடியும்வரை மாத்திரைகளை அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தாள். விருந்தினர் நிறைந்த வீட்டில் மூன்று வேளை தவறியது. நான்காம் நாள் அடுப்பருகே வீழ்ந்தாள்.