நிலாவரையில் இட்ட தேசிக்காய்

வாவியும் ஆறும் சூழ்ந்த ஊரிலே வாழ்பவனுக்கு நீரின் போக்குக் கண்ணெதிரே தெரிவது. மாதுறு ஓயா கொண்டுவரும் மாரி வெள்ளமும், வாவியிற் புகும் கடலும், வாகனேரிக் குளத்திலிருந்து வயலுக்கு இறங்கும் நீரும் வாழைச்சேனையில் எங்களுக்குப் பழகிய காட்சிகள். நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது என்று எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் கைநீட்டிக் காட்டிவிடுவார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அவ்வாறு காட்டுதல் அரிது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், ஆறென்று சொல்ல அங்கே வேறில்லை. அந்நாட்டின் ஆறு நிலத்தின் கீழே மறைந்திருக்கின்றது.

மறைந்த அந்நீர் வெளியே முகங்காட்டும் இடங்கள் சில உண்டு. அவற்றைக் காணவே நான் வடக்கே பயணமானேன். முதலிற் சென்றது புத்தூருக்கு அருகே நவக்கிரியில் உள்ள நிலாவரை. சுற்றிலும் செம்மண் தோட்டங்கள். நடுவே பாறை வாய்திறந்தாற்போல ஒரு குழி. உள்ளே அசைவற்ற நீர். வானரப் படையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்த இடம் என்பது ஊர்வழக்கு. ஆழம் நூறு அடிக்கும் மேற்பட்டது. மேலே உள்ளது நன்னீர்; கீழே செல்லச் செல்ல உவர்நீர்.

இக்குழி தோன்றிய விதத்தை நிலநூலார் எளிதில் விளக்குவர். குடாநாட்டின் அடித்தளம், மயோசீன் காலத்திற் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகிக் கல்லின் வெடிப்புகளில் இறங்குகின்றது. துளி துளியாகக் கல்லை அரித்து உள்ளே குகை சமைக்கின்றது. என்றோ ஒருநாள் குகையின் கூரை இடிந்துவிழ, நீர் வானத்தைக் காண்கின்றது. ஊரெழுப் பொக்கணையும் இவ்வகையினதே. மெக்சிக்கோ நாட்டு யுக்கற்றான் பகுதியிலும் இத்தகைய குழிகள் பல உள. ஆறுகள் அரிதான அந்நிலத்தில் மாயர் குலத்தவர் இவற்றை அண்டியே ஊர் அமைத்தனர். சிச்சென் இற்சா நகரிலுள்ள குழியைப் புனிதமாகப் போற்றி, அதிற் காணிக்கைகள் இட்டனர்.

நிலாவரையைப் பார்த்துத் திரும்பினேன், நீந்தியது கீரிமலையில். கடலை ஒட்டி ஒரு கேணி. மதிலுக்கு அப்பால் அலை மோதுகின்றது. இப்பாலோ சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே ஊற்று சுரக்கின்றது. வாவி நீரின் இளஞ்சூட்டிற் பழகிய உடம்புக்கு அந்தக் குளிர்ச்சி புதிது. கீரிமுகம் நீங்கிய முனிவரின் கதையும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையும் இந்நீரைப் பற்றியன. 1990இல் இடம்பெயர்ந்த இப்பகுதி மக்கள் பல்லாண்டுகள் இந்நீரைத் தொடவும் இயலாதிருந்தனர். இன்று ஆடி அமாவாசையிலே தந்தையரை நினைந்து மீண்டும் இங்கே தீர்த்தமாடுகின்றனர்.

நிலாவரையில் இட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்து வரும் என்றொரு கதை குடாநாட்டில் வழங்குகின்றது. கற்றோர் சிலர் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. எனக்கோ இது பேரறிவு பொதிந்த கதையாகவே படுகின்றது. பழம் வந்து சேருமோ சேராதோ, ஓரிடத்து நீருக்கும் மற்றோரிடத்து நீருக்கும் உறவுண்டு என்பதை நிலநூல் கல்லாத நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். வேலி நிலத்தின் மேலேதான்; கீழே வேலியில்லை.

இவ்வுண்மையை மறந்ததன் பயனை இக்காலம் கண்டுவிட்டது. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. அதற்காக 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்றுக்குக் கட்டளையிட்டது. குற்றம் பெருந்தொழில்களுடையது மட்டுமன்று. தோட்டத்திலே அளவின்றி இடும் உரமும், மலக்குழியிலிருந்து கசியும் கழிவும் நைத்திரேற்றாகிக் கிணற்றிற் சேர்கின்றன.

மற்றோர் ஆபத்தும் உண்டு. நன்னீர் இங்கே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. ஆகவே மேலே ஓர் அடி குறைய, கீழிருந்து உவர் பல அடி ஏறிவரும். துலாமிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே ஓர் அளவாக நின்றது. இயந்திரத்திற்குக் களைப்பில்லை, அளவை நாமே வைத்தல் வேண்டும்.

தேசிக்காய்க் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர்கள், அதனை வியப்புக்கு மட்டும் சொல்லி நிறுத்தலாகாது. நம் முற்றத்தில் நாம் ஊற்றுவது அயலான் செம்பில் ஏறும் என்பதே அக்கதையின் பொருள். அதைப் பிள்ளைகள் உணர்ந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஆற்றுக்கு அவர்களே கரையாவார்கள்.