குடத்துக்குள் கடல்

படகும் பாடும் – 9

சென்ற வாரம் வின்ச் பட்டையோடு நிறுத்தினேன். இந்த வாரம் முட்டி போட்டுப் படகு டிரெய்லருக்கு அடியில் போக வேண்டும். பழைய சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் சுமார் 130 கிலோமீட்டர். கோத்தா திங்கியைத் தாண்டினால் இருபுறமும் செம்பனை, அப்புறம் பந்தி மலைக் காடு, யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகள். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தச் சாலையில்தான் என் டிரெய்லரின் இடது சக்கரம் மக்கர் செய்தது. சத்தம் வருவதற்கு முன்னால் கருகல் வாடை வந்தது. கண்ணாடியில் பார்த்தால் சக்கரம் கள் குடித்தவன்போல் ஆடுகிறது. காடியை ஓரங்கட்டி இறங்கி ஹப் மூடியைத் தொட்டேன், விரலில் கொப்புளம். துணி சுற்றிக் கழற்றினேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் தே தாரிக் இருந்தது. நிறத்தைச் சொல்கிறேன். முந்தைய பயணங்களில் புகுந்த உப்புத் தண்ணீர் கிரீஸோடு கலந்து அடிபட்டு அப்படி ஆகியிருந்தது.

அந்த ஹப்புக்குள் பேரிங் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போட்டுக் கொடுத்த பட்டறையின் பெயர் வேண்டாம். அவர்கள் செய்த தவறு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அது நாமே செய்யக்கூடிய தவறுதான்.

என் தாத்தா தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். சக்கரத்தின் நடுப்பாகத்தை அவர் குடம் என்பார். அச்சு, குடம், கடையாணி, மசகு என்ற அவருடைய நாலு சொல்லுக்குள் என் டிரெய்லரின் ஹப் அடங்கிவிடுகிறது. அச்சுமுனைக்கு இன்று ஸ்பிண்டில் என்று பெயர், மசகு கிரீஸாகிவிட்டது, கடையாணியின் வேலையை நட்டும் அது கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னும் பார்க்கின்றன. புதிதாக நுழைந்தது பேரிங் மட்டும்தான். அதற்கும் வண்டித் தொழிலோடு உறவு உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்து பிழைத்த ஹென்றி டிம்கன், 1898-இல் கூம்பு உருளை பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் திரும்பும்போது பாரம் மேலிருந்து மட்டும் வராது, பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டையும் தாங்கத்தான் உருளைகள் சாய்ந்து நிற்கின்றன. ஒரு ஹப்புக்குள் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பேரிங்குகள் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும்.

ஆனால் தாத்தாவின் வண்டி கடலுக்குள் இறங்கவில்லை.

நூறு கிலோமீட்டர் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கிற காற்று விரிந்து, கொஞ்சம் வெளியேயும் போயிருக்கும். வந்த வேகத்தில் படகை இறக்க டிரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டால் ஹப் சட்டென்று குளிரும், காற்று சுருங்கும், உள்ளே இழுவை உண்டாகும். பின்பக்க ரப்பர் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். ஆகவே மெர்சிங் போய்ச் சேர்ந்ததும் நேரே படகுத்துறைச் சரிவுக்குப் போகாதீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுங்கள். புறங்கையை ஹப்பில் வைத்துப் பார்த்து, சூடு தணிந்த பிறகு இறக்குங்கள். காசு செலவில்லாத பராமரிப்பு இது ஒன்றுதான். இதைத்தான் யாரும் செய்வதில்லை, விடியற்காலை மீன் காத்திருக்காது என்பதால்.

இனி பிரித்துப் பார்ப்போம். டிரெய்லரைக் காடியிலிருந்து கழற்ற வேண்டாம். மற்ற சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக் வைத்துத் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் நல்ல பேரிங் பேசாது. கெட்டது மணலை அரைப்பதுபோல் கரகரக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு இருக்கலாம், கடகடவென்று ஆடக் கூடாது. பிறகு சக்கரத்தைக் கழற்றி மூடி, பின், நட், வாஷர் என்று வரிசையாக எடுத்தால் வெளி பேரிங் தானே கையில் விழும். உள் பேரிங்கை எடுக்க சீலை நெம்ப வேண்டும். நெம்பிய சீல் குப்பைக்குத்தான்.

மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். காற்றுக் குழாயால் ஊதி விர்ரென்று சுழற்றி விளையாட வேண்டாம். உருளை தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். நீலம் பாரித்திருந்தால் சூட்டில் வெந்தது என்று அர்த்தம். ஹப்போடு இறுகியிருக்கும் வெளி வளையத்தை, அதாவது கப்பை, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். குழியோ சொரசொரப்போ தட்டுப்பட்டால் அது முடிந்துவிட்டது. பட்டறை செய்த தவறு இங்கேதான். உருளைகள் உள்ள கோனை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, குழி விழுந்த பழைய கப்பை அப்படியே விட்டிருந்தார்கள். கப்பை அடித்து இறக்குவது வியர்வை சிந்தும் வேலை. பித்தளைக் கம்பியை வைத்து இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று கோணாமல் இறக்க வேண்டும். அந்த வேலையை மிச்சம் பிடித்ததற்கு நான் காட்டு வழியில் விலை கொடுத்தேன். கோனும் கப்பும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். எண் அதிலேயே பொறித்திருக்கும். எல்44649 கோனுக்கு எல்44610 கப். உங்களுடையது வேறாக இருக்கலாம், கழற்றியதைக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

கிரீஸ் வைப்பது கைவேலை. உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு படகுக்கான நீர்தாங்கும் கிரீஸ். கோனின் அகலப் பக்கத்தை உள்ளங்கை விளிம்பில் அழுத்தி அழுத்தி வழித்தால், மறுமுனையில் உருளைகளின் இடுக்கு வழியே புழுப்புழுவாக வெளிவரும். சுற்றிலும் அப்படி வர வேண்டும். மேலாகப் பூசுவது கல்யாண வீட்டில் சந்தனம் பூசுகிற மாதிரி, மரியாதைக்கு ஆகும், பேரிங்குக்கு ஆகாது. பழைய கிரீஸின் மேல் வேறு வகை கிரீஸைக் கலக்காதீர்கள்; சில வகைகள் சேர்ந்தால் தண்ணீராக இளகிவிடும்.

புது சீல் போடும்போது, அது உரசும் இடத்தில் ஸ்பிண்டிலைத் தடவுங்கள். அங்கே வரிப்பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல சீலும் தண்ணீரை நிறுத்தாது. நட்டை, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கி, புது பின் போடுங்கள். ஸ்பேனரைப் பிடித்த கைக்கு இன்னும் ஒரு இழுப்பு இழுக்கத்தான் தோன்றும். இழுத்தால் பேரிங் வெந்துவிடும்.

ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடிகள் கடையில் கிடைக்கின்றன. உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை வைத்துத் தண்ணீரைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூடி இருக்கிற தைரியத்தில் வருடக்கணக்கில் ஹப்பைத் திறக்காதவர்களை எனக்குத் தெரியும். அளவுக்கு மீறி கிரீஸ் அடித்துப் பின்பக்க சீலையே பிதுக்கித் தள்ளியவர்களையும் தெரியும். எனக்கு அந்த மூடியைவிட, கிரீஸ் வைத்துத் தயாராகப் படகில் கிடக்கும் உபரி ஹப் ஒன்றின் மேல்தான் நம்பிக்கை.

பேரிங் ஓடித் தேய்கிறது என்று நாம் நினைக்கிறோம். நம் ஊரில் அது பெரும்பாலும் நின்றே சாகிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கிழக்குக் கரையில் மார்ச் வரை சின்னப் படகுக்கு வேலை இல்லை. கடைசிப் பயணத்தில் புகுந்த உப்புத் தண்ணீர் ஹப்பின் அடியில் தேங்கி, அதே உருளைகளை நாலு மாதம் ஊறவைக்கிறது. மார்ச்சில் திறந்தால் கப்பில் உருளைக்கு உருளை இடைவெளி விட்டு, சீப்புப் பல்போல் கறுப்புக் கோடுகள். எந்த கிரீஸும் அதை அழிக்காது. சீசன் தொடங்கும்போது ஹப்பைப் பிரிப்பதுதான் நம்மவர்கள் வழக்கம். இந்த வருடம் அதை மாற்றிப் பாருங்கள்: படகை மூடி வைப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிரியுங்கள்.