முதல் செமஸ்டரின் 40 மார்க்

சித்தேரி மலையில் அரசுப் பள்ளியில் படித்து என்ஜினியரிங் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கு. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையைப் புரட்டிப் பார்த்தேன். பிளஸ் டூவில் இன்டர்னல் வெறும் 10 மார்க். கடைசி மூன்று மாதம் முட்டிமோதிப் படித்தே கரையேறிடலாம். ஆனால் இணைப்புக் கல்லூரிகளில் தியரி பாடத்துக்கு இன்டர்னலே 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 40-ல் அசைன்மென்ட், செமினாருக்கும் பங்கு உண்டு. வருகைப்பதிவு 75 சதவீதம் வேணும்.

அதாவது, ஊர் ஞாபகத்திலும் இங்கிலீஷ் பயத்திலும் முதல் இரண்டு மாதம் கழியும்போதே மார்க் கரைய ஆரம்பிச்சிடுது. அக்காவோ அண்ணனோ காலேஜ் போன வீட்டில் இதை யாராவது சொல்லிடுவாங்க. முதல் பட்டதாரி வீட்டில் யார் சொல்வது?

நாம சொல்லலாம். இன்டர்னல் கணக்கை முதல் வாரமே சீனியரிடம் கேட்டுக்கோ. புரியாததைத் தமிழிலேயே கேள். அரியர் விழுந்தாலும் மறுபடி எழுதலாம். அதுக்காகப் படிப்பை விட்டுட்டு மலையேறிடாதே.