துப்பாக்கிக் குழல் தூரிகை

துப்பாக்கிக் குழல் தூரிகை என்பது சுடுகலன்களின் குழல் உட்புறத்தில் படியும் கரி, ஈயம், செம்பு ஆகியவற்றைத் தேய்த்து நீக்கப் பயன்படும் உருளை வடிவத் தூரிகை ஆகும். முறுக்கிய கம்பி ஒன்றைச் சுற்றிலும் இழைகள் செருகப்பட்டிருக்கும். கம்பியின் அடியிலுள்ள திருகு மரை, துப்புரவுக் கோலின் முனையில் பொருந்தும்.

தேவை

தோட்டா வெடிக்கும்போது எரிந்த வெடிமருந்தின் கரி குழலில் ஒட்டுகிறது. குண்டின் ஈயமும் செப்பு உறையும் உராய்ந்து சுழல்பள்ளங்களில் படிகின்றன. படிவு மிகுந்தால் குறி தவறும். அதனடியில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

பழைய தோட்டாக்களில் கூடுதல் சிக்கல் உண்டு. அவற்றின் எரியூட்டியில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு, எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாக மாறும். இது காற்றின் ஈரத்தை ஈர்த்து எஃகை அரிக்கும். எண்ணெயில் கரையாது; நீரில் கரையும். ஆகவேதான் பிரித்தானியப் படையினர் .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவினர். அத்துப்பாக்கியின் கட்டைப் பகுதியிலிருந்த அறையில் பித்தளை எண்ணெய்க் குப்பியும், துணி கோத்து இழுக்கும் கயிறும் வைக்கப்பட்டிருந்தன.

வகைகள்

வெண்கலத் தூரிகை: பொதுப் பயன்பாட்டிற்கு உரியது. வெண்கலம் குழலின் எஃகைவிட மென்மையானது. எனவே படிவைச் சுரண்டும், குழலைக் கீறாது.

நைலான் தூரிகை: தேய்க்கும் வலிமை குறைவு. ஆனால் கரைப்பான்களால் பாதிக்கப்படுவதில்லை. செம்பை நீக்கும் அம்மோனியாக் கரைப்பானுக்கு இதுவே ஏற்றது. வெண்கலத்திலும் செம்பு இருப்பதால் அக்கரைப்பான் வெண்கலத் தூரிகையையே அரித்துவிடும். அப்போது துணியில் தோன்றும் நீலப்பச்சை நிறம் குழலிலிருந்து வந்ததா, தூரிகையிலிருந்து வந்ததா என்று அறிய இயலாது.

துருவேறா எஃகுத் தூரிகை: குழலைக் கீறக்கூடும் என்பதால் பலரும் இதைத் தவிர்க்கின்றனர்.

அளவு

தூரிகை உட்துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் இழைகள் பள்ளங்களின் அடிவரை எட்டும். .22 துப்பாக்கிக்கு சுமார் 5.6 மி.மீ., 12 போர் துப்பாக்கிக்கு சுமார் 18.5 மி.மீ. உட்துளை உண்டு. 9 மி.மீ., .38 கைத்துப்பாக்கிகளின் உட்துளைகள் ஏறக்குறைய ஒன்றே என்பதால் இரண்டிற்கும் ஒரே தூரிகை போதும். எதிர்ப்பின்றி எளிதாக நழுவிச் செல்லும் தூரிகை சிறியது அல்லது தேய்ந்துபோனது.

பயன்படுத்தும் முறை

1. தோட்டாக் கூட்டைக் கழற்றி, தோட்டா அறை காலியாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். தோட்டாக்களை வேறிடத்தில் வைக்க வேண்டும். "காலித் துப்பாக்கி" என்று நம்பித் துடைக்கும்போது நேரும் விபத்துகளைத் தடுப்பது இந்த ஒரு படியே.
2. கரைப்பான் நனைத்த துணியை முதலில் செலுத்திச் சில நிமிடம் ஊறவிட வேண்டும்.
3. இயன்றவரை தோட்டா அறைப் பக்கமிருந்து குழல் வாய் நோக்கித் தூரிகையைத் தள்ள வேண்டும். குழல் வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி கெடும். ஏகே வகைத் துப்பாக்கிகளில் வாய்ப் பக்கமிருந்தே கோலைச் செலுத்த வேண்டியிருப்பதால், விளிம்பில் உரசாதபடி வழிகாட்டி மூடி பொருத்தப்படுகிறது.
4. தூரிகை முழுதும் வெளிவந்த பின்னரே திரும்ப இழுக்க வேண்டும். பாதியில் திருப்பினால் இழைகள் மடங்கும். தூரிகை சிக்கிக்கொள்ளவும் கூடும்.
5. உலர்ந்த துணி கறையின்றி வரும்வரை துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும்.

தூரிகையைத் தூய்மை செய்தல்

அழுக்கான தூரிகை, நீக்கிய படிவை மீண்டும் குழலுக்கே கொண்டுசெல்லும். பயன்படுத்தியபின் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். தூரிகையைக் கரைப்பான் புட்டியில் தோய்த்தால் புட்டி முழுதும் அழுக்காகும். கரைப்பானைத் தூரிகைமீது சொட்டுவிடுவதே முறை. இழைகள் நசுங்காமல் தனி உறையில் வைக்க வேண்டும். இழைகள் சாய்ந்தோ உதிர்ந்தோ போனால் மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு

ஈயத் துகள் நச்சுத்தன்மை உடையது. காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து பணிபுரிந்து, பின்னர் கைகளைக் கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் தூரிகையைக் கழுவுதல் கூடாது. முறிந்த தூரிகைத் துண்டோ துணியோ உள்ளே தங்கியிருக்கச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். ஆகையால் பணி முடிந்ததும் ஒளியை நோக்கிக் குழலின் உட்புறத்தைப் பார்த்து, அடைப்பு இல்லையென உறுதிசெய்வது இன்றியமையாதது. இதனைத் தோட்டா அறைப் பக்கமிருந்தே பார்க்க வேண்டும்.