வயிறு நிறைந்த கூத்தர்

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போய்வருகிறவர்கள் ஆகாய கங்கையையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பற்றிப் பேசுவார்கள். ஆடி மாதம் போனவர்கள் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவையும் சேர்த்துக்கொள்வார்கள். கடையேழு வள்ளல்களில் ஒருவனான ஓரி, ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்திய வில்லாளி என்றுதான் நமக்குப் பழக்கம். புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பற்றிப் பாடிய 153ஆம் பாட்டு நாடகக்காரர்கள் படிக்க வேண்டியது. ஓரியைப் பார்க்கப் போன கூத்தர் கூட்டம் பொன்னால் செய்த பூக்களும் யானைகளும் பரிசாகப் பெறுகிறது. பெற்ற பிறகு வாத்தியம் முழங்கியும் அவர்களுக்கு ஆட வரவில்லை, பாட்டும் மறந்துபோகிறது. பசி இல்லாமல் போனதாலோ என்று புலவர் வியக்கிறார். கொடையைப் புகழ்வதற்காகச் சொன்னதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் ரசிகன் அள்ளிக் கொடுத்த இடத்தில் ஆட்டம் நின்றுபோனது என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. வழக்கத்துக்கு மாறான நகைச்சுவை நாடகம் ஒன்று மேடையேறும்போது இதை யோசித்துப் பார்க்க வேண்டும். பாதியில் எழுந்து போகிறவர்கள், முணுமுணுப்பவர்கள், கூச்சல் போடுகிறவர்கள் எல்லாம் அதன் தோல்விக்குச் சாட்சி என்று நாம் கணக்கு வைத்திருக்கிறோம். என் கணக்கு வேறு. அப்படிப்பட்ட நாடகத்தை வாழவைப்பது இந்த அதிருப்திதான். ஒருவர் விடாமல் சிரித்து, ஒருவர் விடாமல் கைதட்டிக் கலைந்துபோகும் கூட்டம்தான் அதைப் படுக்க வைக்கிறது.

தமிழ் மேடையில் இதற்குப் பெரிய உதாரணம் எம். ஆர். ராதா. அவருக்கு முந்தைய கம்பெனி நாடகத்தில் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது: கதாநாயகன் அழ வைப்பான், பபூன் வந்து சிரிக்க வைப்பான். 1949இல் மேடையேறிய, திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் ராதா இரண்டு வேலையையும் ஒரே உடம்புக்குள் போட்டுக்கொண்டார். சீமையில் படித்துவிட்டு வந்த திமிர் பிடித்த பணக்காரன், தொழுநோயால் உருக்குலைந்து தெருவில் கிடக்கும்போதும் ஊரையே கிண்டல் செய்கிறான். சிரிப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா? இந்தத் தடுமாற்றம்தான் அந்த நாடகத்தின் மூலதனம். வசனம் ஒரே இடத்தில் நிற்காது. அன்றைக்கு நடந்த அரசியல் அன்றைக்கே மேடைக்கு வந்துவிடும். கூட்டத்திலிருந்து குரல் வந்தால் அதற்கும் உடனே பதில் கிடைக்கும். 1954இல் அவர் நடத்திய இராமாயண நாடகம் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பக்தர்களின் கோபத்தை நேராகவே வாங்கிக்கொண்டது. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம் என்று அவரே விளம்பரம் செய்தார். வராமல் இருந்தவர்கள் குறைவு. கோபத்தோடு வந்து உட்கார்ந்தவர்களை நாடகம் புரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ராதா எதை உடைக்கிறார் என்பது முன்வரிசையில் விசில் அடித்தவனைவிட அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1907 ஜனவரியில் அயர்லாந்தின் டப்ளின் நகரில், அபே தியேட்டரில், ஜே. எம். சிங் எழுதிய 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்டு' என்ற நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. அப்பனைக் கொன்றுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வரும் ஒருவனை ஒரு கிராமமே வீரனாகக் கொண்டாடுகிறது. எங்கள் நாட்டுப்புறத்து மக்களை இப்படியா காட்டுவது என்று அரங்கம் கொதித்தது. பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் காதில் விழுந்ததும் கூச்சல் வெடித்தது. குழு பின்வாங்கவில்லை. போலீஸ் நிற்க, வசனம் காதில் விழாத இரைச்சலுக்கு நடுவே அந்த வாரம் முழுக்க நடித்தது. பிறகு கவிஞர் யேட்ஸ் அதே அரங்கில் ஒரு விவாதக் கூட்டத்தைக் கூட்டி எதிர்ப்பாளர்களையும் பேச வைத்தார். இன்று அந்த நாடகம் அயர்லாந்தின் செல்லப் பிள்ளை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கோபத்தை இப்படிப் புகழ்ந்தால் அது தடையில் போய் முடியாதா? முடிந்திருக்கிறது. 1876இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உடனடிக் காரணமே கல்கத்தாவில் நடந்த ஒரு கேலி நாடகம்தான். இந்தியா வந்த வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரம் வரை அழைத்துப்போய் உபசரித்த ஒரு வக்கீலை அது நையாண்டி செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் பாடம் மாறவில்லை. ராதாவின் நாடகம் கிளப்பிய புயலில், காமராஜர் ஆட்சியில், 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டம் சென்னை மாநிலத்தில் நிறைவேறியது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2013இல்தான் ரத்து செய்தது. ஆகவே இரண்டு கோபங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. டிக்கெட் வாங்கி உள்ளே வந்து எழுந்து கத்துகிறவன் நாடகத்தோடு சண்டை போடுகிறான். அந்தச் சண்டையில் நாடகத்துக்கும் வாய் உண்டு. பிரதியை முன்கூட்டியே காவல் நிலையத்தில் கொடு என்று கேட்கும் சட்டம் சண்டையே நடக்காமல் பார்த்துக்கொள்கிறது. முதலாவதைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டாவதை எதிர்த்துத்தான் ஆக வேண்டும். புண்பட்டவனின் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த வலிக்கு அரங்கத்திலேயே பேச இடம் வேண்டும் என்கிறேன்.

இப்போது மறுபக்கம், அதாவது எல்லோரும் சிரித்த கதை. 1968இல் சோவின் 'முகமது பின் துக்ளக்' மேடையேறியபோது அது உண்மையிலேயே புது வகை. கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் துக்ளக், இந்தியாவின் பிரதமராகிறான். மொழிப் பிரச்சினையைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறான். கட்சி தாவி வந்தவர்களைத் துணைப் பிரதமர்கள் ஆக்குகிறான். 1971இல் படமானபோது ஆளும் தி.மு.க.வினரின் எதிர்ப்பும் முஸ்லிம் அமைப்புகள் சிலவற்றின் ஆட்சேபமும் வந்தன. ஆனால் சபா அரங்கில் சிரிப்புதான். கவனிக்க வேண்டியது நாடகத்தின் முடிவை. துக்ளக் வெறும் வேஷம் என்ற உண்மையைக் கூட்டாளி சொல்ல முன்வரும்போது, துக்ளக்கின் பேச்சை நம்பிய ஜனங்கள் அந்தக் கூட்டாளியையே அடித்துக் கொல்கிறார்கள். அதுவரை துக்ளக்கின் ஒவ்வொரு வெட்டுக்கும் கைதட்டிய அரங்கத்தின் மீதே கடைசிக் குத்து விழுகிறது. அதன் பிறகு வந்த சபா நகைச்சுவையைப் பார்த்தால் அந்தக் குத்து யாருக்கும் வலித்ததாகத் தெரியவில்லை. துணுக்கு பிழைத்தது, குத்து போய்விட்டது. 1976இல் எஸ். வி. சேகரின் குழுவுக்காக கிரேஸி மோகன் எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' முதல் 2008இன் 'சாக்லேட் கிருஷ்ணா' வரை, அடுத்தடுத்து வெடிக்கும் ஜோக்குகளே நாடகத்தின் எலும்புக்கூடு ஆயின. மோகனின் சொல்விளையாட்டுத் திறமைக்கு ஈடு சொல்வது கடினம். அவரைப் பார்த்துச் செய்தவர்களிடம் அந்தத் திறமை இல்லை, அச்சு மட்டும் இருந்தது.

நாள் முழுக்க ஆபீசில் உழைத்துவிட்டு வருகிறவன் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். அதே ஆளுக்கு வேறெதுவும் பிடிக்காது என்று சபாக்காரர்கள் முடிவு கட்டுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' 1956 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியில் மேடையேறியபோது, இரண்டு கண்டங்களைச் சிரிக்க வைத்த நாடகம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பணக்கார விடுமுறைக் கூட்டம் இடைவேளையோடு கிளம்பிவிட்டது. 1957இல் அதே நாடகம் சான் க்வென்டின் சிறையில் ஏறத்தாழ 1400 கைதிகள் முன்னால் நடந்தது. வருவதாகச் சொன்னவன் வராமலே போவதைப் பார்த்த அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. புரியாத நாடகம் என்பது பெரும்பாலும் தவறான வாக்குறுதியோடு விற்கப்பட்ட நாடகம்.

நம் ஊர்க் கூட்டத்துக்கு விநோதமான நகைச்சுவை புதிதும் அல்ல. கொல்லிமலையின் அடிவாரத்திலிருந்து சேலம், தருமபுரி வரை நடக்கும் கூத்தைப் பாருங்கள். ராஜா வேஷம் கட்டியவன் உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போதே கோமாளி குறுக்கே வந்து அவன் கிரீடத்தைக் கிண்டல் செய்வான். கதையை நிறுத்திவிட்டு ஊர்த் தலைவரை வம்புக்கு இழுப்பான். அஸ்தினாபுரத்தில் நின்றுகொண்டு ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவான். நவீன நாடகக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து கற்றதாகச் சொல்லும் பல உத்திகள் இவனிடம் முன்பே உண்டு, 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை புரிசை கிராமத்துக் கூத்தர்களிடம் போனதற்கும் இப்படிப்பட்ட காரணம்தான். இந்தக் கோமாளி சொல்வது எல்லாவற்றுக்கும் ஊர் சிரித்துவிடாது. பிடிக்காவிட்டால் கூட்டம் சத்தம் போடும், அல்லது துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளும். படுத்தவனை எழுப்பக் கோமாளிக்கு விடியும் வரை நேரம் இருக்கிறது. அடுத்த வரியை மாற்றிப் போட்டுப் பார்ப்பான். சபா மேடையில் எட்டரைக்குத் திரை இறங்கியாக வேண்டும், மனப்பாடம் செய்த வசனத்தில் ஒரு சொல்லும் பிசகக் கூடாது, ஆட்சேபித்து எழுந்து நிற்கிறவரை நிர்வாகி வந்து உட்கார வைத்துவிடுவார். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க நினைக்கும் குழு முதலில் கேட்டு வாங்க வேண்டியது, நாடகம் முடிந்த பிறகு பார்வையாளர் எழுந்து திட்டுவதற்கான அரை மணி நேரம்.