கருங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்

ஹைதராபாத்தின் கோல்கொண்டாக் கோட்டை கருங்கல் குன்றின்மேல் அமைந்துள்ளது. அக்கருங்கல், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உருவானது.

சில இடங்களில் டங்ஸ்டன் கலந்த பாறைக்குழம்பு சுண்ணாம்புக்கல்லை ஊடுருவும். குழம்பிலிருந்து பிரியும் வெந்நீர், டங்ஸ்டனைச் சுமந்துகொண்டு கல்லின் பிளவுகளில் புகும். அங்குள்ள கால்சியத்துடன் டங்ஸ்டன் சேர்ந்து ‘ஷீலைட்’ என்னும் கனிமமாகப் படியும். சுண்ணாம்புக்கல்லும் தன் இயல்பு மாறி, கார்னெட் முதலிய கனிமங்கள் நிறைந்த ‘ஸ்கார்ன்’ பாறையாகும். ஆஸ்திரேலியாவின் கிங் தீவில் இத்தகைய படிவு உண்டு. டங்ஸ்டன் 3,422 பாகை செல்சியஸில்தான் உருகும். உலோகங்களுள் இதன் உருகுநிலையே மிக உயர்ந்தது.

ஹைதராபாத் வீடுகளின் தரையில் பதிக்கப்படும் தாண்டூர்க் கல்லும் சுண்ணாம்புக்கல்லே. தாண்டூரில் அது கருங்கல்லின்மேல் கிடந்தும் ஸ்கார்ன் தோன்றவில்லை. கருங்கல் குளிர்ந்து பல கோடி ஆண்டுகள் கழிந்த பின்னரே கடலில் அச்சுண்ணாம்பு படிந்தது. இரு கற்களும் அருகருகே இருந்தால் போதாது. குழம்பின் வெப்பம் தணியும்முன் அவை சந்திக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
ஊடுருவுதல் – உள்ளே புகுந்து பரவுதல்
படிவு – படிந்து சேர்ந்தது

வினா
தாண்டூரில் ஸ்கார்ன் தோன்றாமைக்குக் காரணம் யாது?