தலையை மாத்தும் ஷோனா, வாலை மாத்தும் ஸ்லோவாக்... இந்த ரெண்டு மொழிகளைத் தெரியுமா உங்களுக்கு?

கிரிக்கெட் ரசிகரா நீங்க? அப்போ டடெண்டா டைபுவை ஞாபகம் இருக்கும். 2004-ல், 20 வயசுலேயே ஜிம்பாப்வே டெஸ்ட் அணிக்கு கேப்டன் ஆனவர். 'டடெண்டா' என்றால் ஷோனா மொழியில் 'நன்றி சொன்னோம்' என்று அர்த்தம். ஒரு முழு வாக்கியமே அங்கே ஒருத்தருக்குப் பெயர்!

இந்த ஷோனாவை, ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் ஸ்லோவாக்கியாவின் மொழியான ஸ்லோவாக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? ஒன்று செக், போலிஷ், ரஷ்யன் மொழிகளுக்குச் சொந்தம். பேசுபவர்கள் சுமார் 50 லட்சம் பேர். இன்னொன்று ஸ்வாஹிலி, ஜூலு மொழிகளுக்குச் சொந்தம். பேசுபவர்கள் ஒரு கோடிக்கும் மேல். சொந்தபந்தமே இல்லாத இந்த ரெண்டையும் ஒப்பிட்டால் சுவாரஸ்யமான விஷயங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன.

உயிரெழுத்தே இல்லாத வார்த்தை!

ஸ்லோவாக்கில் ஓநாய்க்கு 'வ்ல்க்', விரலுக்கு 'ப்ர்ஸ்த்', ரத்தத்துக்கு 'க்ர்வ்'. ஒரு உயிரெழுத்துகூடக் கிடையாது. சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கும். அங்கே 'ர்', 'ல்' ரெண்டுமே உயிரெழுத்தின் வேலையைப் பார்க்கின்றன.

ஷோனா இதற்கு நேர் எதிர். அங்கே ஒவ்வொரு அசையும் அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிர்களில் ஒன்றில்தான் முடியணும். அதனால் ஆங்கிலத்திலிருந்து வந்த புக் 'புகு' ஆகிவிட்டது. கிளாஸ் 'கிராஸி' ஆகிவிட்டது. நம்ம ஊர்ப் பாட்டிகள் ஸ்கூலை 'இஸ்கூல்' என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

வாலா... தலையா?

ஸ்லோவாக்கில் வார்த்தையின் வால் மாறும். 'ழெனா' என்றால் பெண். 'பெண்ணை' என்று சொல்ல 'ழெனு', 'பெண்ணுக்கு' என்று சொல்ல 'ழெனெ'. வேற்றுமை உருபைக் கடைசியில் சேர்க்கும் நமக்கு இது பழகின விஷயம்தான்.

ஷோனாவில் மாறுவது தலை. 'முன்ஹு' என்றால் மனிதர், 'வன்ஹு' என்றால் மனிதர்கள். 'சிகாரோ' ஒரு நாற்காலி, 'ஸ்விகாரோ' பல நாற்காலிகள். பெரிய நாற்காலி என்று சொல்ல 'சிகாரோ சிகுரு'. பன்மையில் 'ஸ்விகாரோ ஸ்விகுரு'. பெயர்ச்சொல் போட்ட தொப்பியையே அதன் கூட வரும் சொல்லும் போட்டுக்கொள்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஸ்கூலும் இதற்குத் தப்பவில்லை. ஒரு பள்ளி 'சிகோரோ', பல பள்ளிகள் 'ஸ்விகோரோ'!

ஆணா, பெண்ணா?

ஸ்லோவாக்கில் 'நான் இருந்தேன்' என்று ஒரு ஆண் சொன்னால் 'போல் சொம்'. அதையே ஒரு பெண் சொன்னால் 'போலா சொம்'. அதாவது, இறந்தகாலத்தில் ஒரு மெசேஜ் வந்தால் அனுப்பியது ஆணா, பெண்ணா என்று வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஷோனாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவன், அவள் ரெண்டுக்கும் ஒரே சொல், 'இயே'.

ஆனால், மரியாதை விஷயத்தில் ரெண்டு மொழிகளும் கைகோக்கின்றன. நாம் 'நீ', 'நீங்க' என்று பிரிக்கிற மாதிரி, இரண்டிலும் பெரியவர்களைப் பன்மையில்தான் பேசணும். ஷோனாவில் காலையில் நண்பனைப் பார்த்தால் 'வராரா செய்?' (எப்படித் தூங்கினே?), பெரியவர்களைப் பார்த்தால் 'மராரா செய்?' (எப்படித் தூங்கினீங்க?).

எது மொழி, எது வட்டார வழக்கு?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஸ்லோவாக் பேசுபவரும் செக் பேசுபவரும் அவரவர் மொழியிலேயே பேசிப் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். அப்போ ரெண்டும் ஒரே மொழியா? இல்லை என்று சொல்லத்தான் ஸ்லோவாக்குகள் இத்தனை பாடுபட்டார்கள்.

லுதோவித் ஷ்டூர் என்பவர் 1843-ல் மத்திய ஸ்லோவாக்கியாவின் பேச்சை வைத்து எழுத்துமொழிக்கு இலக்கணம் வகுக்க ஆரம்பித்தார். 1863-ல் மாத்திட்சா ஸ்லோவென்ஸ்கா என்ற பண்பாட்டு அமைப்பு உருவானது. 1875-ல் ஹங்கேரி அரசு அதை மூடியது. 1920-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் சட்டம் 'செக்கோஸ்லோவாக் மொழி' என்று ரெண்டையும் ஒன்றாக்கிப் பெயர் வைத்தது. ஸ்லோவாக்கியா தனி நாடானது 1993-ல்தான்.

ஷோனாவின் கதை தலைகீழ். ஸெஸுரு, கரங்கா, மன்யிகா, கொரெகொரெ, ந்தாவ் என்று பல பேச்சுகள் இருந்தன. 1931-ல் கிளெமென்ட் டோக் என்ற மொழியியலாளர், இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரே எழுத்துமொழி வேண்டும் என்று அன்றைய காலனி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 'ஷோனா' என்ற பொதுப்பெயரும் அதிகாரபூர்வமாக நிலைத்தது. ஆனால், 2013-ல் வந்த ஜிம்பாப்வே அரசியல் சாசனம் 16 மொழிகளை அங்கீகரித்தபோது, ந்தாவ் தனி மொழியாகப் பட்டியலில் இடம்பிடித்தது!

கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்த இரண்டு, தனித்தனி மொழிகளாயின. பலவாக இருந்தவை ஒரே பெயருக்குள் வந்தன, அதிலிருந்து ஒன்று மறுபடி வெளியே வந்தது. இதையெல்லாம் இலக்கணம் மட்டும் முடிவு செய்யவில்லை. அரசும், பள்ளிக்கூடமும், பேசுகிற மக்களின் பிடிவாதமும் சேர்ந்துதான் முடிவு செய்தன.

அதனால, அடுத்த முறை யாராவது ஒருத்தர் பேச்சைக் கேட்டு, 'இதெல்லாம் ஒரு மொழியா?' என்று சிரித்தால், 'அதை யார் முடிவு பண்ணாங்க?' என்று திருப்பிக் கேளுங்க.

ஆமா, 'மராரா செய்?' என்று கேட்டால் என்ன பதில் சொல்லணும் தெரியுமா? 'ந்தராரா கனா மராராவோ.' அதாவது, 'நீங்க நல்லா தூங்கியிருந்தா, நானும் நல்லா தூங்கினேன்.' நாளைக்குக் காலையில் உங்க ஃப்ரெண்டுக்கு இதையே குட் மார்னிங் மெசேஜா அனுப்பிப் பாருங்களேன்!